மான்மியம் சொல்கிறது, எந்த மான்மியம்?

குருக்கள்மடத்துப் பிள்ளையொன்று மட்டக்களப்பின் பழைய வரலாற்றை அறிய விரும்பினால், இன்று நகரத்து நூலகத்துக்கு பஸ் ஏறவேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் இரண்டு சொல் தட்டினால் கட்டுரைகள் வந்து குவிகின்றன. அவற்றில் அடிக்கடி கண்ணிற்படும் தொடர், “மட்டக்களப்பு மான்மியம் கூறுகிறது” என்பது.

எந்த மான்மியம்? ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு வித்துவான் எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த நூல் ஒன்று. அதே மரபைச் சேர்ந்த ஏடுகளிலிருந்து சா.இ. கமலநாதன், கமலா கமலநாதன் இருவரும் 2005 இல் தந்த ‘மட்டக்களப்பு பூர்வ சரித்திரம்’ மற்றொன்று. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. இணையத்தில் எழுதுபவரோ பதிப்பையும் சொல்வதில்லை, பக்கத்தையும் சொல்வதில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து வேறொருவர். முடிவில் பத்துத் தளங்களில் ஒரே வசனம். தேடுகின்ற மாணவன் பத்துச் சாட்சி கிடைத்ததென்று மகிழ்கிறான். கிடைத்தது ஒரே சாட்சி, பத்துப் பிரதி. ஏடு பெயர்த்தவனுக்குக் கையாவது வலித்தது, இங்கே அதுவுமில்லை!

இதைச் சிறு விடயமென்று ஒதுக்க முடியாது. இந்நூல்கள் ஆண்ட அரசரை மட்டும் பேசுவன அல்ல. கோயில்களையும் குடிகளையும் அவற்றின் உரிமைகளையும் வரிசைகளையும் பேசுவன. தவறாக எடுத்தாண்ட ஒரு வரி திருவிழாக் காலத்தில் ஊரை இரண்டாக்கிவிடக்கூடும்.

சரி, தேடியும் அகப்படாதது? அது எழுதப்படவேயில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கே கணனியின் கதையைச் சற்று அறிந்திருக்க வேண்டும். யூனிகோட் எனும் ஒருங்குறியின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் நம்மவர் நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்தார்கள். அவை ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணனியின் மனத்தில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். போர்வையை நீக்கினால் அம்மாவைக் காணோம். அப்படியே கிடக்கும் பழைய கோப்புகளில் தமிழிற் தேடினால் என்ன கிடைக்கும்?

1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. அவற்றின் உள்ளே ஒரு சொல்லைத் தேடலாம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படமாக்கித் தருகிறது. படத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் உண்டுதான். மங்கிய பழைய அச்சில் அதற்கு ரகரமும் அரவும் ஒன்றாகிவிடும். அங்கே மனிதர் எழுதிவைத்த தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும்தான் நமக்கு வழிகாட்டி. அதைப் பிடித்துக்கொண்டு பக்கங்களைத் தாமே புரட்டுவதே தேடுதல்.

எடுத்ததை வெளியிடும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். பதிப்பு, ஆண்டு, பக்கம் மூன்றையும் குறிக்கவேண்டும். ஏட்டில் உள்ளது எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது, நாம் சொல்வது எது என்று பிரித்துக் காட்டவேண்டும். ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொன்னதானால் அப்படியே சொல்லலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அண்ணாவிமாரின் வீடுகளில் வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள் உண்டு. இளைஞர்கள் அவற்றைப் படம்பிடித்து முகநூலில் இடுவது நல்ல காரியம். முதலில் கொப்பிக்குரியவரின் சம்மதத்தைப் பெறட்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடாதிருக்கட்டும். எந்த ஆண்டு, எந்தக் களரியில் ஆடியது, யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதியது என்ற குறிப்பெல்லாம் இருப்பது அந்த ஓரத்திலேதான்.