கம்ப்யூட்டர் பாடியது, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது!

பொழுது சாய்ந்தால் கொங்கு நாட்டு ஊர்களில் வள்ளி கும்மி பழகுகிறார்கள். காரமடைப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பாடுவார். சிறியவரும் பெரியவரும் வட்டமாக நின்று அடி போடுவார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். தப்பாக ஆடினால் யாரும் கோபித்துக் கொள்வதில்லை.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு கூட்டம் உண்டு!

நடுவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் தான் கற்றதைச் செய்து காட்டுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

கோவைக்காரர்களுக்கு இது புதிதா என்ன? ஜி.டி.நாயுடுவை நினைத்துப் பாருங்கள். கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு பிறந்தவர் அவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கி, ஊர் சுற்றினாரா? முதலில் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், பிறகு மாட்டினார். அப்படித்தான் எந்திர வித்தை அவர் கைக்கு வந்தது.

மோட்டார் ஷெட்டில் பிறந்த சங்கம்

கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அமெரிக்காவில் ஒன்று கூடினார்கள். 1975-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் கார் நிறுத்தும் கொட்டகையில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் 30 பேர். 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் என்பது கம்பெனிகளும் சர்க்காரும் வைத்திருந்த பெரிய எந்திரம். சாதாரண மனிதன் தொட முடியாது. அந்தச் சமயத்தில்தான் 'ஆல்டேர் 8800' என்ற சிறிய கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. பாகங்களை வாங்கி, வீட்டில் பற்ற வைத்துச் சேர்த்துக் கொள்ள வேண்டும். அதில் டி.வி. போன்ற திரை கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. முன்பக்கம் சில சுவிட்சுகள், சில சிவப்பு விளக்குகள். அவ்வளவுதான்!

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் செய்து காட்டினார்.

அவர் வீட்டில் ஒரு நாள் ரேடியோ பக்கத்தில் ஆல்டேர் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் 'உய்ங்' என்று இரைச்சல் வந்தது. வேறொருவராக இருந்தால் ரேடியோவை நகர்த்தி வைத்திருப்பார். டாம்பியர் யோசித்தார். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் துடிப்பதால்தான் இந்த இரைச்சல். துடிப்பின் வேகத்தை மாற்றினால்? சத்தம் மாறும். சத்தத்தை வரிசைப்படுத்தினால்? சங்கீதம்!

1975 ஏப்ரலில், ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கக் கூட்டம். டாம்பியர் தரையில் உட்கார்ந்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டளைகளை ஏற்றினார். முடியும் தறுவாயில் மின்சார வயரில் யாரோ கால் இடறிவிட்டார்கள். அத்தனை கட்டளைகளும் அழிந்து போயின! அவர் சலிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். பெட்டியின் மேல் ஒரு சிறிய ரேடியோவை வைத்தார். 'பீட்டில்ஸ்' குழுவினரின் பாட்டு ஒன்று அதிலிருந்து கேட்டது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

அதே சங்கத்துக்கு வந்து போனவர் ஸ்டீவ் வாஸ்னியாக். தாம் உருவாக்கிய கம்ப்யூட்டரை அங்கேதான் காட்டினார். அதன் வரைபடத்தை உறுப்பினர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். அதுதான் ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர் ஆயிற்று (1976).

வந்தது சண்டை

ஆல்டேருக்காக பில் கேட்ஸும் அவருடைய நண்பரும் 'பேசிக்' என்ற சாப்ட்வேர் எழுதி விற்றார்கள். சாப்ட்வேர் என்றால், எந்திரத்துக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு. அது காகித நாடாவில் துளைகளாகப் பதிக்கப்பட்டிருந்தது. சங்கத்தார் அதைப் பிரதி எடுத்து நண்பர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 20 வயது கேட்ஸுக்குக் கோபம் வந்தது. 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். 'உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள்' என்று குற்றம் சாட்டினார்.

கேட்ஸ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா? ஆனால் ஏழைப் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்வது?

இதற்கு வேறொரு வழி பிறந்தது. யாரும் பிரதி எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற அனுமதியோடு சாப்ட்வேர் எழுதப் போவதாக 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. இதைப் பிரதி எடுத்தால் திருட்டு அல்ல!

நம் ஊரில்

சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் 1998-ல் ஒரு குழு அமைத்தார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும் வழக்கம் ஏற்பட்டது. விழுப்புரத்திலும் இப்படி ஒரு குழு இருக்கிறது. கிராமத்து மாணவ-மாணவிகளிடம் கம்ப்யூட்டர் அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. பட்டணத்துக்காரர்கள் கூடுவது பெரிதல்ல. விழுப்புரத்தார் செய்வதுதான் பெரிது என்பேன்.

இத்தகைய கூட்டங்களில் காட்டும் வேடிக்கை ஒன்று சொல்கிறேன். 'இனி உதவாது' என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டரை எடுப்பார்கள். கட்டைவிரல் அளவு 'பென் டிரைவ்' ஒன்றைச் செருகுவார்கள். அதில் லினக்ஸ் இருக்கும். சுவிட்சைப் போட்டால், செத்துக் கிடந்த பெட்டி எழுந்து கொள்ளும்! பழைய கோப்புகளுக்குச் சேதம் இல்லை. திரையில் தமிழிலேயே எழுத்துகள் வரவும் செய்யலாம். அந்தத் தமிழை எழுதித் தந்தவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியதே, நினைவிருக்கிறதா? அவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு. அக்கா படித்து முடித்த பிறகு அந்த லேப்டாப் பரண் ஏறியிருந்தால், தம்பி தங்கைக்காக இறக்குங்கள். பேட்டரி போயிருந்தாலும் பல லேப்டாப்கள் மின்சார வயரில் ஓடும்.

கும்மி பழக மைதானம் வேண்டும். இதற்கு ஒரு அறையும், ஒரு பிளக் பாயிண்டும், ஒரு பழைய பெட்டியும் போதும். செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமையை, 'சாப்ட்வேர் சுதந்திர தினம்' என்று பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அன்று மேசை போட்டு, பெட்டியைத் திறந்து வைத்து, வருகிறவர்களையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.