சைக்கிள் ஓட்டாததற்குச் சோம்பலா காரணம்?

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்துவந்த ரோஜர் கெல்லர், 2006-ல் ஊர் மக்களைத் தன் கணிப்பில் நாலு வகையாகப் பிரித்தார். எந்த ரோட்டிலும் துணிந்து ஓட்டுபவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. ‘ஆசை இருக்கு, ஆனா பயமா இருக்கு’ ரகம் 60 சதவீதம்.

அந்தப் பயத்தை எடுத்துவிட்டால்? ஸ்பெயினின் செவில் நகரைப் பாருங்கள். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊர். 2006-லிருந்து சில வருஷங்களிலேயே, கார்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த சுமார் 120 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போட்டார்கள். 1 சதவீதத்துக்கும் கீழே இருந்த சைக்கிள் பயணங்கள் சுமார் 6 சதவீதம் ஆயின. வெயில் குறையவில்லை, பயம்தான் குறைந்தது.

இன்னொன்று, அங்கே பாதைகள் துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. வழியில் ஒரே ஒரு சந்திப்பு ஆபத்தாக இருந்தாலும் போதும், பயப்படுகிறவர் சைக்கிளை வெளியே எடுக்கமாட்டார்.