பையன்களை வைத்துச் செய்த அளவுகோல்

ஹைன்ஸின் மனைவி புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்கவைக்கும் மருந்து ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. 200 டாலர் அடக்கமாகும் மருந்துக்கு அவர் 2,000 டாலர் கேட்கிறார். ஹைன்ஸ் ஊரெல்லாம் கடன் கேட்டும் 1,000 டாலர்தான் தேறியது. மீதியைப் பிறகு தருகிறேன் என்று கெஞ்சினாலும் மருந்துக்காரர் மசியவில்லை. ஹைன்ஸ் திருடலாமா?

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் சொன்ன கதை இது. திருடலாம், கூடாது என்ற பதில் அவருக்கு முக்கியமில்லை; சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். அடி விழுமே என்ற பயம் முதல் படி. நாலு பேர் நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. சட்டம், ஒழுங்கு என்பது நான்காவது. மனிதர் எல்லோருக்கும் பொதுவான நீதி என்று பேசுகிறவர் ஆறாம் படியில் நிற்கிறார்.

இந்த ஏணிக்கு அடிப்படை, 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகப் பேட்டி கண்டது பையன்களை மட்டும்! பின்னால் பெண்களை இதே ஏணியில் ஏற்றிப் பார்த்தபோது பலர் மூன்றாம் படியில் நின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டது. பெண்களின் நீதியுணர்வு ஆண்களுடையதைவிடக் குறைவு என்று 1925-லேயே ஃபிராய்டும் எழுதியிருந்தார்.

ஹார்வர்டில் கோல்பெர்க்கோடு பணியாற்றிய கேரல் கில்லிகனுக்கு இது உறுத்தியது. 1982-இல் வெளிவந்த ‘இன் எ டிஃபரன்ட் வாய்ஸ்’ (வேறொரு குரலில்) நூலில் அவர் இரண்டு பிள்ளைகளை அறிமுகப்படுத்துகிறார். ஜேக், ஏமி என்று அவர்களுக்குப் பெயர். இருவருக்கும் வயது 11, ஒரே வகுப்பு. ஜேக் சட்டென்று திருடலாம் என்கிறான். பணத்தைவிட உயிர் பெரிது, நீதிபதிக்கும் அது புரியும் என்பது அவன் கணக்கு.

ஏமி தயங்குகிறாள். திருடினால் ஹைன்ஸ் சிறைக்குப் போகலாம். மனைவிக்கு மறுபடி உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? மருந்துக்காரரிடம் உட்கார்ந்து பேசினால் வேறு வழி கிடைக்காதா? கேள்வி கேட்டவர் திருப்பித் திருப்பிக் கேட்டும் அவள் இதையேதான் சொல்கிறாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் அவளுக்கு ஜேக்கைவிட ஒரு படி குறைவு.

கில்லிகனின் வாதம் இங்கேதான் பிறக்கிறது. திருடலாமா கூடாதா என்பது கேள்வி. திருடுவதா வேறு ஏதாவது செய்வதா என்று ஏமி அதை எடுத்துக்கொள்கிறாள். மூன்று பேரின் உறவு அறுந்துபோகாமல் சிக்கலைத் தீர்க்கப் பார்க்கிறாள். இதை வளர்ச்சிக் குறைவு என்பானேன்? அக்கறையை மையமாகக் கொண்ட இன்னொரு அறம் என்றார் அவர். கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்கும் நிலையில் இருந்த 29 பெண்களிடம் பேசியபோதும் அந்தக் குரலே அவருக்குக் கேட்டது. அங்கே கற்பனை ஹைன்ஸ் இல்லை, அவரவர் வாழ்க்கை.

புத்தகம் பெரும் புகழ் பெற்றது, அடியும் வாங்கியது. உளவியலாளர் லாரன்ஸ் வாக்கர் 1984-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசினார். 108 மாதிரிகளில் எட்டில் மட்டுமே ஆண்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். கோல்பெர்க்கின் ஏணி பெண்களைத் தாழ்த்துகிறது என்ற குற்றச்சாட்டே ஆட்டம் கண்டது. 2000-இல் சாரா ஜாஃபி, ஜேனட் ஹைட் இருவரும் செய்த தொகுப்பாய்வில் பெண்கள் அக்கறையின் பக்கமும் ஆண்கள் நீதியின் பக்கமும் சற்றே சாய்ந்தார்கள். ஆனால் அந்தச் சாய்வு மிகச் சிறியது. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றுகிறது: சொந்த உறவுச் சிக்கல் என்றால் ஆண்களும் அக்கறை மொழியில் அதிகம் பேசுகிறார்கள்.

பெண்ணியவாதிகளிலேயே சிலருக்குக் கோபம். அக்கறை பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால், அடுப்படியும் நோயாளிக் கட்டிலும் நிரந்தரமாக அவள் தலையில் விழாதா? நியாயமான பயம். தான் சொல்லும் குரலின் அடையாளம் பாலினம் அல்ல, அதன் பொருளே என்று கில்லிகன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார். படித்தவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் உதாரணங்களும் அதற்கு இடம் கொடுத்தன என்பேன். பெண்கள் பற்றிய அவருடைய ஊகம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் அளவுகோலைச் செய்தது யார், யாரை வைத்து என்ற கேள்வி நிலைத்துவிட்டது.

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தில் கோல்பெர்க் இருக்கிறார். அதற்குப் படிப்பவர்கள் ஆறு படிகளை மனப்பாடம் செய்யும்போது, ஓரத்தில் ஏமியின் பதிலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் அவள் கை தூக்குவாள்.