திதி முடியட்டும் என்று காத்திருந்தால்...

கணவரின் மூன்றாம் ஆண்டுத் திதி முடிந்த பிறகுதான் எங்கள் தாமானில் இருக்கும் அக்கா ஒருவர் வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். வயிற்று வலி என்று அரசு மருத்துவமனைக்குப் போன கணவரை இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். மூன்றாவது முறை போனவர் திரும்பவில்லை. பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன், "விடும்மா, விதி" என்ற சொந்தக்காரர்கள் என நாள் ஓடிவிட்டது. வழக்கறிஞர் முதலில் பார்த்தது இறப்புச் சான்றிதழில் இருந்த தேதியை. "கெடு தாண்டிப் போச்சும்மா" என்றார்.

அரசு மருத்துவமனை மீது வழக்குத் தொடுக்க 36 மாதங்கள்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அது. தனியார் மருத்துவமனை என்றால் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டுகள். ஆனால் நோயாளி இறந்து, அவரை நம்பியிருந்த குடும்பம் இழப்பீடு கேட்டால், தனியார் என்றாலும் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே. மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். அது டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வாங்கித் தராது. அதன் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களும் கெடுவில்தான் கழியும்.

ஆகவே முதல் வேலை காகிதம். மருத்துவ அறிக்கைக்கு உடனே விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, வர நாளாகும். அறிக்கை என்பது சில பக்கச் சுருக்கம்தான். தாதியர் எழுதிய குறிப்பு, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அடங்கிய முழுக் கோப்பின் நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் வழக்கறிஞர் கடிதம் எழுதுவார். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை மறப்பதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் வேறு வேறு கதை சொல்வார்கள்!

நிலம் வாங்க உதவிய வழக்கறிஞர் இதற்குப் போதாது. மருத்துவ வழக்கு நடத்தியவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கோப்பை அவர் அதே துறை நிபுணர் ஒருவரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. பொறுப்புள்ள மருத்துவர்கள் சிலர் ஏற்கும் முறையில் சிகிச்சை நடந்திருந்தால் வழக்கு பெரும்பாலும் நிற்காது. ஆபத்தைச் சொல்லாமல் அறுவை செய்தது வேறு விஷயம். அதில் டாக்டர்களின் வழக்கம் முடிவாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெண் விபத்தில் சிக்கியது 1982இல். 24 ஆண்டுகள்!

"ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அத்தகைய ஒப்பந்தத்தை அனுமதிப்பதில்லை. நிபுணர் கட்டணம் எவ்வளவு, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில் விழுமா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ விசாரிக்கலாம்.

அந்த அக்காவிடம் எல்லாக் காகிதமும் பத்திரமாக இருந்தது, கணவரின் கடைசி அப்பாயின்ட்மென்ட் அட்டை உட்பட.