உடைந்த ஷாஃப்ட் என்ன சொல்லும்?

பொறியியல் கவுன்சலிங் நேரத்தில் ஒரு பிள்ளை மெட்டலர்ஜி, மெட்டீரியல்ஸ் என்று வாய் திறந்தால், "அதுக்கு எங்கப்பா வேலை இருக்கு?" என்பார்கள். கேட்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் லேத் ஓட்டியவராகவும் இருப்பார். அதுதான் வேடிக்கை.

சென்னையின் மேற்கு ஓரமே உலோகத்தை நம்பி வளர்ந்தது. 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1955-ல் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்து ஆவடியில் எஃகுக் குழாய் செய்தது. 1960களில் எஸ்டேட் என்று சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், விஜயந்தா டாங்கி செய்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன.

அங்கே இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று பார்க்க, ஒரு கியரை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் மேற்பரப்பு தேயக் கூடாது, உள்பகுதி அடி தாங்க வேண்டும். முழுக்கக் கடினமாக்கினால் பல் பொடிந்துவிடும். அதனால் கார்பன் குறைந்த எஃகில் செய்து, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் கார்பன் நிறைந்த வாயுவில் மணிக்கணக்காக வைத்து, சூட்டோடு எண்ணெயில் இறக்குவார்கள். மேல்தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை கார்பன் ஏறி, அந்த இடம் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக இறுகும். பிறகு, நொறுங்கும் தன்மை குறைய மிதமாகச் சூடாக்கும் டெம்பரிங். எஸ்டேட்டில் அன்றாடம் நடக்கிற வேலைதான், பட்டறைக்காரருக்குக் கைப்பழக்கம். அது ஏன் அப்படி ஆகிறது, ஒரு லாட் மட்டும் ஏன் விரிசல் விட்டது என்பதற்குத்தான் இந்தப் படிப்பு.

எனக்குப் பிடித்தது உடைந்ததைப் படிக்கும் பகுதி. அறுந்த ஷாஃப்டின் முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்ட கோடுகள்போல வளைவு வளைவாகத் தடம் இருக்கும். கோடுகள் குவியும் இடத்தில்தான் விரிசல் பிறந்தது. கடைசியில் பிய்ந்த சொரசொரப்பான பகுதி சிறியதாக இருந்தால், சுமை அதிகமில்லை, பல காலம் மெல்ல மெல்ல அறுந்திருக்கிறது என்று பொருள். "மெட்டீரியல் சரியில்லை" என்று சப்ளையர்மேல் பாய்வார்கள். பல சமயம் குற்றவாளி, ஷாஃப்டில் சாவி பொருத்த வெட்டிய குழியில் ரேடியஸ் கொடுத்து வளைக்காமல் விட்ட கூர்மூலை.

ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி என்று படிக்க இடம் உண்டு. ஆனாலும் பட்டறைகளில் இந்த வேலையை மெக்கானிக்கல் படித்தவர்களே போகப் போகக் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். முதல் சம்பளம் ஐடிக்காரர் அளவுக்கு வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. மின்வண்டி பேட்டரியும் சிலிக்கான் சில்லும் இதே துறைதான் என்பதைப் பெற்றோரிடம் சொல்லலாம். ஆனால் சீட் எடுக்குமுன், பிள்ளை தெரிந்தவர் யாரையாவது பிடித்து எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையைப் பார்த்துவிட்டு வரட்டும். எண்ணெய்ப் புகையில் அரை மணி நேரம் நின்றும் கேள்வி கேட்கத் தோன்றினால், தைரியமாகச் சேரலாம்.