கட்டளைக்கு ஓர் இலக்கணம்

ராமேஸ்வரம் தீவை மட்டும் ஒரு செயற்கைக்கோள் படத்திலிருந்து வெட்டியெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் கரை எப்படி மாறிவருகிறது என்று பார்ப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை. பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை, கிழக்கே 79.1 – 79.5 பாகை, வடக்கே 9.1 – 9.4 பாகை என்ற கட்டத்துக்குள் தீவு அடங்கிவிடும். 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய ‘ஜிடால்’ என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இதற்கு இரண்டு பழைய கருவிகள் உண்டு. ‘ஜிடால் டிரான்ஸ்லேட்’ மேல் இடமூலையில் தொடங்கி 79.1, 9.4, 79.5, 9.1 என்று கேட்கும். ‘ஜிடால் வார்ப்’ கீழ் இடமூலையில் தொடங்கி 79.1, 9.1, 79.5, 9.4 என்று கேட்கும். இவை இரண்டும் மூலக் கோப்பை முதலில் கேட்க, புள்ளி, கோடு, பரப்பு வடிவிலான திசையன் தரவை மாற்றும் ‘ஓஜிஆர்2ஓஜிஆர்’ விளைவுக் கோப்பை முதலில் கேட்கும். வெவ்வேறு காலங்களில் வளர்ந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் கட்டளையைத் தானே படித்துக்கொண்டதன் விளைவு இது.

கட்டளை வரியைப் பிரித்து, எது ஆப்ஷன், எது அதன் மதிப்பு, எது கோப்பின் பெயர் என்று அறியும் பகுதிக்கு பார்சர் என்று பெயர். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பார்சர் நிரலாளரின் உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பார்கள். அதைவிடப் பெரிய பயன், பயனரின் கவனம் மிச்சமாவது. 2025 மே மாதம் வந்த 3.11 பதிப்பில் ஜிடால் இந்த வழிக்கு வந்தது. ‘ஜிடால்’ என்ற ஒரே கட்டளையின் கீழ், படமானாலும் திசையன் தரவானாலும் எல்லைக் கட்டம் ஒரே பெயரில், கீழ் இடமூலையில் தொடங்கும் ஒரே வரிசையில் தரப்படுகிறது. மூலம் முன்னே, விளைவு பின்னே. ஒவ்வொரு ஆப்ஷனின் பெயர், வகை, வரம்பு ஆகியவற்றை நிரலாளர் ஒருமுறை விவரித்தால் போதும். பிழை சோதனை, உதவிக் குறிப்பு, டேப் விசையில் தானே நிரம்பும் வசதி எல்லாம் அந்த விவரிப்பிலிருந்தே பிறக்கின்றன. பழைய பழக்கத்தில் 9.4ஐ 9.1க்கு முன் இட்டால், வெட்டும் வேலை தொடங்குமுன்பே கட்டளை மறுக்கப்படும்.

ஆண்டுக்கணக்காக ஓடும் பழைய ஸ்கிரிப்டுகள் உடையாதா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் பழைய கருவிகள் நீக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்கின்றன. அப்படியானால் கற்க வேண்டியது கூடுகிறதே என்றால், பழையவர்களுக்குச் சில காலம் அந்தச் சுமை உண்டு. புதிதாக வருபவர் ஒரு முறையை மட்டும் கற்றால் போதும். எல்லாக் கருவிகளையும் ஒரே அச்சில் வார்ப்பதாகாதா என்ற கேள்வியும் எழும். பொது பார்சர் சொல்லும் முறையைத்தான் ஒன்றாக்குகிறது. படத்தை வெட்டுவதற்கும் நிறம் மாற்றுவதற்கும் உரிய தனி ஆப்ஷன்கள் அப்படியே இருக்கும். ஆகவே பல கருவிகள் கொண்ட திட்டத்தைத் தொடங்குவோர், இரண்டாவது கருவியை எழுதுமுன் இந்த இலக்கணத்தை முடிவுசெய்ய வேண்டும். பத்தாவது கருவிக்குப் பின் அதே முடிவை எடுத்தால், பழையதையும் புதியதையும் சேர்த்தே சுமக்க நேரும்.