மீண்டும் எழுதும் முன் பழைய வினாத்தாளைப் படிப்போம்

ஆசிரியர் தகுதித் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோது, நம்மில் பலர் முதலில் செய்வது புதிய வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான். எழுதிய வினாத்தாளை மறுபடி கையில் எடுக்க மனம் வருவதில்லை. இருபது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு 74 என்ற எண் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அடுத்த தேர்வுக்கு அந்த வினாத்தாளைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

இது இப்போது வேலை தேடுவோருக்கு மட்டும் உரிய செய்தியல்ல. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று கூறப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும். பள்ளி, வீடு இரண்டையும் கவனித்துக்கொண்டு படிக்கும் நமக்கு நேரம்தான் பெரிய செலவு. அதை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி.

2012 சொல்லும் பாடம்

தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். இரு தாள்களிலும் சேர்த்துத் தேர்ச்சி பெற்றவர்கள் 2,448 பேர்; நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 150 வினாக்களுக்கு அன்று தரப்பட்ட நேரம் ஒன்றரை மணி. அதாவது ஒரு வினாவுக்கு 36 விநாடி.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று மறுதேர்வு நடந்தது. நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. இம்முறை சுமார் 19,000 பேர் தேர்ச்சி பெற்றனர். வினாத்தாள் வேறு, படிக்கக் கூடுதல் நாள்களும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் மூன்றே மாதத்தில் எல்லோருடைய பாட அறிவும் பல மடங்கு பெருகிவிடாது. ஜூலையில் பலர் இழந்த மதிப்பெண்களில் ஒரு பகுதி, பாடம் தெரியாததால் போனதன்று. வினாவைப் படித்து யோசிக்க நேரம் இல்லாததால் போனது. குறைந்த மதிப்பெண்ணுக்குள் பல காரணங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் படிக்கத் தொடங்கினால் உழைப்பு வீணாகும்.

குறைகளைப் பிரித்து வைப்போம்

அனுப்பர்பாளையம் பகுதியில் நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே செக்கிங் மேசையில் நிற்பவர், குறையுள்ள துணிகளை ஒரே குவியலாகப் போடுவதில்லை. கறை பட்டது தனி, தையல் விட்டது தனி, ஓட்டை விழுந்தது தனி. கறையைச் சுத்தம் செய்ய வேண்டும். தையல் விட்டது டெய்லரிடம் திரும்பிப் போக வேண்டும். குறை வேறானால் வேலையும் வேறு.

வினாத்தாளையும் ஆசிரியர் தேர்வு வாரியம் வெளியிட்ட விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு இதையே செய்யலாம். வினாத்தாள் கைவசம் இல்லையென்றால், முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். ஒவ்வொரு வினாவின் அருகிலும் ஓர் எழுத்து இடுங்கள்.

தெ – பாடமே தெரியாதது.
க – தெரிந்தும் கவனக்குறைவால் தவறியது. ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று படித்தது, வேறு எண்ணுக்குரிய வட்டத்தைக் கருமையாக்கியது போன்றவை.
நே – நேரம் போதாமல் கடைசியில் படிக்காமலே குறித்தது.
கு – சரியாக அமைந்தாலும் குருட்டாம்போக்கில் குறித்தது.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறோம். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 150க்கு சராசரியாக 37 மதிப்பெண் வந்துவிடும். அடுத்த முறையும் அதே அளவு கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஓர் ஆசிரியர் 74 பெற்றிருக்கிறார். பொதுப் பிரிவுக்கான தேர்ச்சி மதிப்பெண் 90. (பிற பிரிவுகளுக்கான தளர்வை அந்தந்தத் தேர்வின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.) இழந்த 76இல் ‘தெ’ 40, ‘க’ 14, ‘நே’ 22 என்று வைத்துக்கொள்வோம். பெற்ற 74இல் ‘கு’ 9. அப்படியானால் உறுதியான மதிப்பெண் 65.

‘க’, ‘நே’ இரண்டும் சேர்ந்து 36. அதில் பாதியை மீட்டாலே 83. இன்னும் வேண்டியது 7. பாதுகாப்புக்கு 12 என்று கொள்ளலாம். முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருந்த வேலை, இப்போது பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கான பாடமாகவும் கொஞ்சம் பயிற்சியாகவும் சுருங்கிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து

‘நே’ அதிகமானால், படிப்பதைவிட எழுதிப் பழகுவதே தேவை. மூன்று மணி நேரத்தில் ஒரு வினாவுக்கு 72 விநாடி கிடைக்கிறது. 30 வினா கொண்ட ஒரு பகுதியை 30 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், திரும்பிப் பார்க்க 30 நிமிடம் மிஞ்சும். கணக்கில் ஒரு வினா இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், குறியிட்டுவிட்டு நகர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் வெறுமனே விடக் கூடாது.

‘க’ அதிகமானால், வினாவிலுள்ள ‘அல்ல’, ‘தவறானது’, ‘பொருந்தாதது’ போன்ற சொற்களுக்கு அடிக்கோடிடும் பழக்கத்தை ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் கைக்கொள்ள வேண்டும். பத்து வினாவுக்கு ஒருமுறை, வினா எண்ணும் விடைத்தாளின் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது நல்லது.

‘தெ’, ‘கு’ இரண்டுக்கும்தான் புத்தகம். அவற்றைப் பகுதிவாரியாக எண்ணுங்கள். முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கும் தலா 30 மதிப்பெண். இரண்டாம் தாளில் உளவியலுக்கும் இரு மொழிகளுக்கும் தலா 30. கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் 60. மொழியாசிரியர்கள் இந்த 60இல் தமக்கு எளிதான பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். மிகக் கடினமான பகுதியோடு மல்லுக்கட்டுவதைவிட, சற்று முயன்றால் எட்டக்கூடிய பகுதியில் முதலில் மதிப்பெண் சேர்ப்பது நல்லது. பாடநூல்களே அடிப்படை, வினாக்களின் கடினநிலை மேல்வகுப்புகளையும் தொடலாம் என்பதால் அதே தலைப்பின் தொடர்ச்சியை அங்கும் பார்த்துவிட வேண்டும்.

படிக்கும் முறையிலும் ஒன்று. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவு வைத்திருந்தனர். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னிலை பெற்றனர். இரவு ஒரு மணி நேரம் கிடைத்தால் நாற்பது நிமிடம் படித்து, இருபது நிமிடம் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பது பலன் தரும்.

வகுப்பறைக்கும் இது உதவும்

காலாண்டுத் தேர்வில் 28 வாங்கிய பிள்ளையிடம் “நல்லாப் படி” என்று சொல்லி அனுப்பும்போது, எதைப் படிப்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. நமக்குப் பயன்பட்ட அதே எழுத்துகளைத் தன் விடைத்தாளில் இட அந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

தகுதித் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2021 முதல் தேர்ச்சிச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். ஒருமுறை தாண்டிவிட்டால் போதும். இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி அந்தப் பழைய வினாத்தாளை எடுங்கள். உடன் பணியாற்றும் ஒருவரும் எழுதியிருந்தால் இருவரும் சேர்ந்தே எழுத்திடுங்கள். புதிய நூல் வாங்குவதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.